இரு வழி வந்த ஓர் எலக்ட்ரான்

கறுப்புப் பின்னணி. அதன் நடுவே ஒன்றுக்குள் ஒன்றாகச் சில வெள்ளை வளையங்கள். எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பதுதான் தடித்தது, பளிச்சென்றது. உள்ளே போகப் போக வெளிச்சம் மட்டுப்படுகிறது. ஆனால் வளையங்களுக்கு இடையிலான இருட்டு மட்டும் தெளிவு குறையாமல் நிற்கிறது. மொத்த அகலமே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். பாரிஸை அடுத்த ஓர்சேயில் உள்ள எமே கொத்தோன் ஆய்வகத்தைச் சேர்ந்த ப்லோண்டெல், டெல்சார், துலியே ஆகிய மூவரும் 1996இல் உலகுக்குக் காட்டிய படம் இந்த வகையைச் சேர்ந்தது. புரோமின் எதிர்மின் அயனியிலிருந்து லேசர் ஒளி கழற்றிவிட்ட எலக்ட்ரான்கள், மெல்லியதொரு மின்புலத்தில் விழுந்து பதித்த தடம் அது.

ஒளி பட்டால் எலக்ட்ரான் வெளியேறும் என்பது பள்ளிப் பாடம். அது வெளியேறும் இடத்தில் ஒரு மின்புலத்தையும் வைத்தால் என்ன ஆகும்? புலம் எலக்ட்ரானை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதானே என்று தோன்றும். அந்த ‘அவ்வளவுதானே’வுக்குள் இருக்கும் நுணுக்கம்தான் இந்த இயலின் முழு அழகும். இங்கே புலம் எவ்வளவுக்கெவ்வளவு மென்மையாக இருக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அது வரையும் படம் செறிவாகிறது. நான் ரசித்துத் தீராத இடம் இதுதான்.

முதலில் ஒளியின் பங்கைப் பார்ப்போம். புரோமின் அணு ஒரு எலக்ட்ரானைக் கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கும்போது அதை விடுவிக்கச் சுமார் 3.36 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். லேசரை இசைத்து, ஒளித்துகளின் ஆற்றல் அந்த வாசலை மயிரிழை அளவே தாண்டும்படி வைக்கிறார்கள். வாசலைத் தாண்டிய மிச்சம், எலக்ட்ரான் வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். எலக்ட்ரான் அயனியிலிருந்து பாய்ந்து ஓடுவதில்லை. நிதானமாக வெளியே வருகிறது. இந்த நிதானம் இல்லையென்றால் வளையங்களே இல்லை.

வெளிவந்த எலக்ட்ரான் எந்தத் திசையில் போகிறது? புரோமின் அயனியின் விளிம்பில் இருப்பது ஒரு p எலக்ட்ரான். ஒரு ஒளித்துகளை விழுங்கும்போது அதன் கோண உந்தம் ஒரு படி ஏறலாம், அல்லது ஒரு படி இறங்கலாம். ஏறினால் அது d அலை. சுழற்சியால் எழும் தடையைத் தாண்ட வேண்டியிருப்பதால், கையில் ஆற்றல் குறைவாக உள்ள எலக்ட்ரானுக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. இறங்கினால் s அலை. தடை எதுவும் இல்லை. ஆகவே வாசலருகே s அலையே மேலோங்குகிறது. s அலைக்குத் திசை விருப்பம் கிடையாது; எல்லாப் பக்கமும் சமமாக விரியும் கோளம் அது. மேலும் கீழும், இடமும் வலமும் ஒரே அளவு. படத்தின் வட்ட ஒழுங்கு இந்தச் சமத்துவத்திலிருந்தே பிறக்கிறது.

இனி மின்புலம். மீட்டருக்கு 423 வோல்ட் என்று ஒரு புலத்தை எடுத்துக்கொள்வோம். இத்தகைய சோதனைகளுக்குப் பொருந்தும் அளவுதான். ஹைட்ரஜன் அணுவின் அடிமட்ட நிலையில் எலக்ட்ரான் தன் கருவிடம் உணரும் புலம் மீட்டருக்குச் சுமார் 51,400 கோடி வோல்ட். அதற்கு முன்னால் நம்முடைய 423 எதில் சேர்த்தி? நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. அயனிக்குள் இருக்கும்வரை எலக்ட்ரானுக்கு இப்படி ஒரு புலம் இருப்பதே தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் அது வெளியே காலெடுத்து வைத்த கணத்தில் கதை மாறுகிறது. எதிர்மின் அயனி எலக்ட்ரானை இழந்தால் மிஞ்சுவது மின்சுமை அற்ற அணு. அது பின்னாலிருந்து இழுப்பதில்லை. எனவே எலக்ட்ரானின் உலகில் எஞ்சியிருக்கும் ஒரே விசை, நாம் வைத்த அந்தச் சின்னப் புலம்தான்.

ஒரே வேகத்தில் கல் எறிபவர் தூரத்தில் உள்ள ஒரு புள்ளியை இரண்டு விதமாக எட்டலாம்: தாழ்வாகக் குறிவைத்து எறியலாம், அல்லது உயரத் தூக்கிப் போடலாம். எலக்ட்ரானின் கதையும் இதுவே. உணர்கருவியின் பக்கத்தைக் ‘கீழே’ என்று வைத்துக்கொண்டால், கீழ்நோக்கிப் புறப்பட்ட எலக்ட்ரான் நேராகக் கருவியை நோக்கி விழுகிறது. மேல்நோக்கிப் புறப்பட்டது புலத்தை எதிர்த்துக் கொஞ்சம் ஏறி, வேகம் தீர்ந்து, திரும்பி, அதே புள்ளிக்கு வந்து சேர்கிறது. ஓரத்தைத் தவிர, வட்டத்துக்குள் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் சரியாக இரண்டு பாதைகள். மூன்றாவது கிடையாது.

அளவுகளை இட்டுப் பார்க்கும்போதுதான் இதன் சுவை தெரியும். மிச்ச ஆற்றல் 124 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் என்று கொள்வோம். மேலே கிளம்பிய எலக்ட்ரான் ஏறக்கூடிய உயரம் வெறும் 0.29 மைக்ரோமீட்டர். அதன் பிறகு அது விழவேண்டிய ஆழமோ அரை மீட்டர். விழும் முழு நேரம் ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். மேலே போய்த் திரும்பியதால் ஏற்படும் தாமதம் அதிகபட்சம் 180 பிக்கோநொடி. பிக்கோநொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இரண்டு பாதைகளும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்றாகவே கிடக்கின்றன. இவ்வளவு சின்ன வித்தியாசம் எப்படிக் கண்ணுக்குத் தெரியும்படி வந்து விழுகிறது?

புறப்படும் எலக்ட்ரானின் அலைநீளத்தைக் கணக்கிட்டால் விடை கிடைக்கும்: சுமார் 110 நானோமீட்டர். மேலேறித் திரும்பும் 290 நானோமீட்டர் உயரம் அந்த அலைநீளத்தைப்போல இரண்டரை மடங்குக்கும் கூடுதல். ஆகவே சுற்றுவழியில் வந்த அலையும் நேர்வழியில் வந்த அலையும் ஒன்றையொன்று சந்திக்கும்போது சில இடங்களில் முகட்டோடு முகடு சேர்கிறது. சில இடங்களில் முகட்டோடு பள்ளம் சேர்ந்து இரண்டும் அழிகின்றன. சேர்ந்த இடம் வெள்ளை, அழிந்த இடம் கறுப்பு. மேலே சொன்ன அளவுகளுக்கு வளையத் தொகுதியின் ஆரம் 0.8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உள்ளே மூன்று நான்கு வளையங்கள். இதை ஒரே எலக்ட்ரான் தனக்குத் தானே செய்துகொள்கிறது. ஒவ்வொரு எலக்ட்ரானும் கருவியில் பதிப்பது ஒரே ஒரு புள்ளி. புள்ளிகள் ஆயிரக்கணக்கில் சேரச் சேர வளையம் தானாகத் திரண்டு வருகிறது. எந்த எலக்ட்ரான் எந்த வழியில் வந்தது என்று கேட்க வழியில்லை; இரண்டு வழிகளிலும் வந்ததனால்தான் இருட்டு வளையம் இருட்டாக இருக்கிறது.

வெளி வளையம் ஏன் பளிச்சென்று இருக்கிறது? கல் எறிபவரின் வேகம் இவ்வளவுதான் என்றால் கல் போகும் தூரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் இரண்டு பாதைகளும் ஒன்றாகிவிடுகின்றன. பாதைகள் வந்து நெருக்கியடிக்கும் விளிம்பு அது. வானவில்லின் பிரகாசமான வில்லும் இதே வகை விளிம்பில்தான் உண்டாகிறது. மழைத்துளிக்குள் புகுந்து திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வந்து குவிகின்றன. வில்லின் உட்புறம் சில சமயம் தென்படும் மெல்லிய துணை வில்கள், இரண்டு பாதைகளில் வந்த ஒளி ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் தோன்றுபவை. அவற்றை விளக்க ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏய்ரி 1838இல் கண்ட சார்பு, சீரான புலத்தில் விழும் எலக்ட்ரான் அலையையும் அப்படியே விவரிக்கிறது. மழைத்துளிக்கு எழுதிய கணக்கு, எலக்ட்ரான் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் எழுதியது, ஓர் எழுத்து மாறாமல் இங்கே பொருந்துகிறது.

இப்போது மென்மை பற்றிச் சொன்னதற்கு வருகிறேன். எலக்ட்ரானின் ஆற்றலை மாற்றாமல் புலத்தை மட்டும் பாதியாக்கினால் என்ன ஆகும்? மேலேறும் எலக்ட்ரான் இருமடங்கு உயரம் போகும், பாதைகளுக்கு இடையிலான கட்ட வேறுபாடு (ஓர் அலை மற்றதைவிட எத்தனை முகடு பிந்துகிறது என்பது) இருமடங்காகும், வளையங்களின் எண்ணிக்கையும் இருமடங்காகும். படமும் அகலும். புலத்தைக் கூட்டினால் எலக்ட்ரான் சட்டென்று இழுபடும். வளையங்கள் குறைந்து, கடைசியில் ஒரு வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும். வலுவாக இழுக்கும் கை எலக்ட்ரானைக் கொண்டுவந்து சேர்க்கும், அதன் கதையைக் கொண்டுவராது. ஆற்றலை இருமடங்காக்கினாலோ வளையங்கள் ஏறக்குறைய 2.8 மடங்காகப் பெருகுகின்றன. ஆற்றலின் ஒன்றரை அடுக்கைப் புலத்தால் வகுத்தால் வளையங்களின் எண்ணிக்கை எப்படி மாறும் என்பது தெரிந்துவிடும். இவ்வளவு சுருக்கமான விதிக்குள் இவ்வளவு நுட்பம்.

இந்த அழகு பயனுக்கும் வந்தது. வளையங்களின் கட்டத்தை அளந்தால் எலக்ட்ரானின் மிச்ச ஆற்றல் மிகத் துல்லியமாகத் தெரியும். ஒளித்துகளின் ஆற்றல் லேசரிலிருந்து தெரியும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அணு ஓர் எலக்ட்ரானை எவ்வளவு விரும்பிப் பிடித்திருக்கிறது என்பது, அதாவது அதன் எலக்ட்ரான் நாட்டம், கிடைத்துவிடும். ஓர்சேயில் ஃப்ளோரினுக்கும் ஆக்சிஜனுக்கும் சிலிக்கானுக்கும் இப்படி அளந்தார்கள். ஆக்சிஜனுக்கு 1.4611, ஃப்ளோரினுக்கு 3.4012 எலக்ட்ரான் வோல்ட் என்று நாம் எழுதும் எண்களின் கடைசி இலக்கங்களுக்கும் அப்பால் துல்லியம் கொண்டுபோனவை இந்த வளையங்கள்.

ஓர்சேயின் படத்தில் நாம் காண்பது எலக்ட்ரான் எங்கே விழுகிறது என்பதை. புலம் இன்னொரு விதத்திலும் தன் கையெழுத்தை இடுகிறது: எலக்ட்ரான் வெளியேறுமா, எவ்வளவு எளிதாக வெளியேறும் என்பதிலேயே. 1987இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் முடுக்கியில் பிரையன்ட்டும் கூட்டாளிகளும் ஹைட்ரஜன் எதிர்மின் அயனியிடம் இதைக் கண்டார்கள். அந்தச் சோதனையின் அமைப்பே ஒரு நயம். அயனிகள் 800 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன், ஒளியின் வேகத்தில் 84 விழுக்காட்டு வேகத்தில் பறக்கின்றன. அவை கடக்கும் வழியில் ஒரு காந்தப்புலம். அவ்வளவு வேகத்தில் போகும் அயனிக்கு அந்தக் காந்தப்புலம் மின்புலமாகத் தெரிகிறது, 0.01 டெஸ்லாவே மீட்டருக்குச் சுமார் 47 லட்சம் வோல்ட் ஆகிவிடுகிறது. லேசரின் நிறத்தையும் அவர்கள் மாற்றவில்லை. கற்றையைச் சந்திக்கும் கோணத்தைத்தான் மாற்றினார்கள். எதிரே வரும் ஒளி அயனிக்கு மூன்று மடங்குக்கும் மேலான ஆற்றலுடையதாகத் தெரியும். பின்னாலிருந்து துரத்தும் ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தெரியும். ஐன்ஸ்டைனின் சார்பியல் இந்தச் சோதனையில் ஒரு திருகுகுமிழாக வேலை செய்கிறது.

அங்கே கிடைத்த வரைபடம் வழவழப்பாக ஏறவில்லை. ஒளியின் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போனால் எலக்ட்ரான் கழலும் வாய்ப்பு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, சிற்றலைபோல் போனது. காரணம் மேலே போன அலைதான். புலத்தை எதிர்த்துச் சென்ற பாதி அலை, புலம் எழுப்பிய சுவரில் முட்டித் திரும்பி, தான் பிறந்த அயனியின் இடத்துக்கே வருகிறது. புறப்படும் அலையோடு சேர்ந்து அதை வலுப்படுத்துகிறது, அல்லது தணிக்கிறது. அந்தச் சுவர் இருப்பதோ, எலக்ட்ரானின் ஆற்றல் 0.1 எலக்ட்ரான் வோல்ட் என்றால், 20 நானோமீட்டர் தள்ளி. அயனியின் அளவுக்கு அது நெடுந்தொலைவு. அத்தனை தூரத்தில் உள்ள சுவர், இங்கே அயனி ஒளியை விழுங்குவதா வேண்டாமா என்பதில் பங்கு கொள்கிறது.

இதில் ஒளி அதிரும் திசைக்கும் பங்கு உண்டு. ஹைட்ரஜன் எதிர்மின் அயனியில் இருப்பவை s எலக்ட்ரான்கள். ஒளி பட்டதும் அவை p அலையாக வெளிவருகின்றன. p அலை இரு பக்கமும் நீண்ட இரட்டை மடல். ஒளியின் மின்னதிர்வு எந்தத் திசையிலோ அந்தத் திசையில் நீளும். அதிர்வு புலத்துக்கு இணையாக இருந்தால் ஒரு மடல் நேரே சுவரை நோக்கிப் போய்த் திரும்பும். சிற்றலை ஓங்கித் தெரியும். அதிர்வைச் செங்குத்தாகத் திருப்பினால் மடல்கள் பக்கவாட்டில் போய்விடும், திரும்பி வர ஏறக்குறைய எதுவுமில்லை, சிற்றலை அடங்கிவிடும். 1978இல் ஃப்ரீமனும் உடன் உழைத்தவர்களும் ரூபிடியம் அணுவிடம் கண்டதும் இதே குணம்தான். அயனியாக்கும் எல்லைக்கு மேலே, வழுவழுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், புலத்துக்கு இணையான ஒளிக்கு மட்டும் மேடுபள்ளங்கள் தெரிந்தன. ஒளியின் அதிர்வை ஒரு கால் சுற்றுத் திருப்பியதில் அணு பேசுவதும் மௌனமாவதும் நடக்கிறது.

வாசலுக்குக் கீழே நடப்பதையும் சொல்லியாக வேண்டும். புலம் இல்லாதபோது ஒளித்துகளின் ஆற்றல் வாசலைவிடக் குறைந்தால் எலக்ட்ரான் வெளிவரவே வராது. புலம் இருந்தாலோ வாசல் சுவர் ஒரு பக்கம் சரிந்து மெலிந்துவிடுகிறது. எலக்ட்ரான் அலை அந்த மெலிவை ஊடுருவி வெளியே கசிகிறது. கீழே போகப் போகக் கசிவு வேகமாகத் தேய்கிறது, ஆனால் திடீரென்று அறுபடுவதில்லை. கூர்மையான படிக்கட்டாக இருந்த எல்லையைப் புலம் சரிவாக்கிவிடுகிறது.

அயனியை விட்டு அணுவுக்கு வந்தால் ஆட்டம் இன்னும் செறிவாகிறது. அணுவிலிருந்து எலக்ட்ரான் போனால் பின்னால் நிற்பது நேர்மின் அயனி; அது விடாமல் இழுக்கும். பாதைகள் இரண்டோடு நிற்பதில்லை. எலக்ட்ரான் கருவைப் பல முறை சுற்றிவிட்டும் வெளியே வரலாம். இந்த வளையங்களை அணுக்களிடம் காணலாம் என்று டெம்கோவ், கோண்ட்ரடோவிச், ஓஸ்ட்ரோவ்ஸ்கி மூவரும் 1981இலேயே கணித்திருந்தார்கள். 2002இல் செனான் அணுவில் வளையங்கள் தெரிந்தன. ஆனால் செனானில் உள்வட்ட எலக்ட்ரான்களின் குறுக்கீடு உண்டு. கணக்கு கறாராக இருக்க வேண்டுமென்றால் ஒரே எலக்ட்ரான் உள்ள அணு வேண்டும்.

2013இல் அனெட்டா ஸ்டோடோல்னாவும் மார்க் வ்ராக்கிங்கும் அவர்களது குழுவினரும் வெளியிட்ட சோதனை அதுதான். ஆம்ஸ்டர்டாமின் ஏமோல்ஃப் ஆய்வகத்தில், ஹைட்ரஜன் சல்ஃபைடை உடைத்து ஹைட்ரஜன் அணுக்களை எடுத்தார்கள். 243 நானோமீட்டர் ஒளித்துகள்கள் இரண்டால் எலக்ட்ரானை இரண்டாம் நிலைக்கு ஏற்றினார்கள். அங்கிருந்து அதை முழுவதும் விடுவிக்க 364.6 நானோமீட்டர் ஒளி வேண்டும். பால்மர் வரிசையின் எல்லை அது. சென்டிமீட்டருக்கு 808 வோல்ட் புலம் வைத்தபோது 367 நானோமீட்டரே போதுமானதாயிற்று. எலக்ட்ரானை ஹைட்ரஜன் பிணைத்திருக்கும் மொத்த ஆற்றலில் அறுநூற்றில் ஒரு பங்குகூட இறங்காத இறக்கம். கருவிலிருந்து 0.13 மைக்ரோமீட்டர் தள்ளி, கருவின் இழுப்பும் புலத்தின் இழுப்பும் சமன்படும் இடத்தில், சுவரில் ஒரு கணவாய் திறக்கிறது. எலக்ட்ரான் அதன் வழியே வெளியே வருகிறது.

ஹைட்ரஜனைத் தேர்ந்ததன் நயம் இனிமேல்தான். 1913இல் ஸ்டார்க், மின்புலத்தில் ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகள் பிளவுபடுவதைக் கண்டார். 1916இல் ஷுவார்ட்ஸ்சில்டும் எப்ஸ்டைனும் தனித்தனியே அந்தக் கணக்கைப் பரவளைய ஆயங்களில் அவிழ்த்தார்கள். 1926இல் ஷ்ரோடிங்கர் தம் புதிய சமன்பாட்டைக்கொண்டு அதே ஆயங்களில் மறுபடியும் தீர்த்தார். அந்த ஆயங்களில் ஹைட்ரஜன் எலக்ட்ரானின் அலை இரண்டு தனிப் பகுதிகளாகப் பிரிந்துவிடுகிறது. ஒன்று தப்பித்து ஓடும் திசைக்குரியது; மற்றது அதற்குக் குறுக்கான திசைக்குரியது. தப்பிக்கும் பகுதி எவ்வளவு தூரம் ஓடினாலும் குறுக்குப் பகுதி அதோடு கலப்பதில்லை. அணுவுக்குள் அந்தக் குறுக்கு அலைக்கு எத்தனை கணுக்கள், அதாவது அலை சுழியாகும் இடங்கள், இருந்தனவோ, அத்தனையையும் எலக்ட்ரான் கலையாமல் வெளியே எடுத்து வருகிறது.

அவர்கள் முப்பதாம் நிலையைச் சேர்ந்த நான்கு நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாக லேசரால் தொட்டார்கள். முதலாவதற்குக் குறுக்குத் திசையில் கணு இல்லை, இரண்டாவதற்கு ஒன்று, மூன்றாவதற்கு இரண்டு, நான்காவதற்கு மூன்று. மின்னியல் வில்லை ஒன்று படத்தைப் பெருக்கிக் கருவியில் வீழ்த்தியது. நான்கு படங்களையும் வரிசையாக வைத்து இருண்ட வளையங்களை எண்ணினால் போதும்: சுழி, ஒன்று, இரண்டு, மூன்று. ஷ்ரோடிங்கர் தாளில் எழுதிய கணுக்களை 87 ஆண்டுகளுக்குப் பிறகு யாரும் விரல் வைத்து எண்ணும்படி ஆக்கியது, அணுவின் சொந்தப் புலத்தோடு ஒப்பிட்டால் அறுபது லட்சத்தில் ஒரு பங்குள்ள ஒரு மெல்லிய இழுப்பு. அணுவை உடைத்துப் பார்க்கப் பெரும் விசை வேண்டும். அணு எப்படி இருக்கிறதோ அப்படியே பார்க்க இவ்வளவு சிறிய விசை போதும்.